வட்ஸ்அப்பில் பேசிய விலையைக் கடைக்காரர் மாற்றலாமா?

கேள்வி: மொரட்டுவையில் ஒரு தளபாடக் கடையில் தேக்கு மேசையும் ஆறு கதிரைகளும் பார்த்து வைத்தோம். மறுநாள் கடைக்காரர் வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி, "185,000 ரூபா, 20ஆம் திகதி வீட்டில் இறக்கித் தருவோம், சரியா?" என்று கேட்டார். நான் கட்டைவிரல் குறி போட்டேன். அன்றே 40,000 ரூபா முற்பணத்தை அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். இப்போது 230,000 கேட்கிறார். "கையெழுத்தும் இல்லை, பில்லும் இல்லை. வேண்டாமென்றால் முற்பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில், அந்த முற்பணத்தை அவசரப்பட்டுத் திருப்பி வாங்காதீர்கள். பேசாமல் வாங்கிக்கொண்டால், பேச்சை முறிக்க நீங்களும் சம்மதித்ததாக அவர் சொல்லலாம். வாங்கத்தான் வேண்டுமென்றால், "நட்ட ஈடு கேட்கும் உரிமையை விடவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டு வாங்குங்கள்.

கையெழுத்து இல்லை என்ற அவருடைய வாதம் நிற்காது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி, மின்வடிவில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. காணி, வீடு விற்பனை இதற்குள் வராது, மேசை வரும். 1896இன் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் உங்கள் பக்கம்தான்: வாங்குபவர் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வழக்கிடலாம். ஆகவே உங்கள் கட்டைவிரலைவிட அந்த 40,000 ரூபாதான் பலமான சாட்சி.

கட்டைவிரல் மட்டும் இருந்தால்? கனடாவின் சஸ்காச்சுவானில் ஒரு விவசாயி, ஆளி விதை ஒப்பந்தத்தின் படத்துக்கு அந்தக் குறியைப் போட்டார். "கிடைத்தது என்று மட்டும்தான் சொன்னேன்" என்று பிறகு வாதாடினார். 2023இல் நீதிமன்றம் அதைச் சம்மதமாகவே எடுத்து, 82,000 கனடிய டொலருக்கு மேல் நட்ட ஈடு கட்டச் சொன்னது. முன்பும் அவர் அதே வாங்குநருக்கு இப்படி ஓரிரு சொல்லில் பதில் போட்டு விதையைக் கொடுத்திருந்தார், அதுதான் காரணம். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் சம்மதத்தை நடத்தையிலிருந்து எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

சரி, எவ்வளவு கேட்கலாம்? மேசையையே தரும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம், ஆனால் வேறு கடையிலும் கிடைக்கும் பொருளுக்குப் பெரும்பாலும் பணம்தான். கணக்கு இப்படி: பொருளைத் தந்திருக்க வேண்டிய நாளில் அதே மாதிரி மேசை வெளியே 220,000 என்றால், வித்தியாசம் 35,000. முற்பணத்தோடு சேர்த்து 75,000 கேட்கலாம். இரண்டு கடைகளில் எழுத்தில் விலை எடுத்து வையுங்கள்.

அப்புறம், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். திகதியும் அவருடைய எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், வங்கி ரசீதையும் சேருங்கள். 20ஆம் திகதிக்கு முன்பே, "பேசிய விலைக்குத் தாருங்கள்" என்று கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். மசியாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். இந்த அளவு தொகைக்கு அதுதான் செலவு குறைந்த வழி. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்திலும் விசாரியுங்கள். அங்கே முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நீதிமன்றம்தான் வழி என்றாகிவிட்டால், வழக்குச் செலவு 75,000ஐ விழுங்கிவிடுமா என்று சட்டத்தரணியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.