தோபி கடை பெர்க்: மூக்குக்குத் தெரியாத ஆபத்து

ஜார்ஜ்டவுன், டத்தோ கெராமாட் பக்கம் டிரை கிளீனிங் கடை நடத்தும் வாசகர் கேட்கிறார்: “டிரை கிளீனிங்கில் அழுக்கைக் கரைக்கும் திரவமான பெர்க் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்கிறார்கள். மெஷினிலிருந்து வடியும் தண்ணீரைப் பின்னாலிருக்கும் லோங்காங்கில் (வடிகாலில்) ஊற்றினால் என்ன?”

ஊற்றாதீர்கள். சுங்கை பினாங்கு ஆறு வரை போய்ச் சேருவதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், சரி. என் கவலை லோங்காங்கின் பழைய விரிசல்கள்தான். பெர்க் என்கிற டெட்ராகுளோரோஎத்திலீன் ஒரு லிட்டர் சுமார் 1.6 கிலோ எடை, தண்ணீரைவிடக் கனம். பெட்ரோல் கசிந்தால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். பெர்க்கோ நீரையும் தாண்டி இறங்கி, களிமண் படுகையில் தேங்கி, பல பத்தாண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆவி மண் வழியே ஏறிப் பக்கத்து வீட்டுக்குள்ளும் நுழையும். பிராணவாயு இல்லாத மண்ணில் பாக்டீரியா அதை உடைக்கும்போது வினைல் குளோரைடு உருவாகலாம். அது பெர்க்கைவிட மோசம். மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானது.

வடிநீர் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் லிட்டருக்குச் சுமார் 150 மில்லிகிராம் பெர்க் கரைந்திருக்கலாம். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதாவது 30,000 மடங்கு. மூக்கை நம்பவே வேண்டாம்.

உங்கள் கடையின் ஆபத்தை அளக்க, முதலில் பில்களை எடுங்கள். ஆண்டில் எவ்வளவு பெர்க் வாங்கினீர்கள், மெஷினில் எவ்வளவு மிச்சம், கழிவாக எவ்வளவு போனது? கணக்கில் வராதது காற்றிலோ தரையிலோதான் இருக்கிறது. அப்புறம் மெஷினுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்: சிமெண்டில் வெடிப்பு, கதவு ரப்பரின் கீழே ஈரத் தடம். அக்கம்பக்கத்தில் கிணறு இருந்தால் அந்தத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

பழைய பெர்க்கும், அதைக் காய்ச்சி மீட்கும்போது மிஞ்சும் அடிக்கசடும் மலேசியாவின் 2005 விதிமுறைகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவு, அதாவது தனியாகக் கையாள வேண்டிய அபாயக் கழிவு: பெர்க் எஸ்டபிள்யூ 323 வகை, அடிக்கசடு எஸ்டபிள்யூ 324 வகை. மூடிய டிரம்மில் தேதி எழுதி வையுங்கள். 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்ற கழிவு அகற்றும் குத்தகையாளரிடம்தான் கொடுக்க வேண்டும். வடிநீரையும் அவரிடமே ஒப்படையுங்கள். செலவுதான், ஆனால் கெட்டுப்போன மண்ணைத் தோண்டி எடுக்கும் செலவுக்கு முன் இது ஒன்றுமே இல்லை.

மெஷின் மாற்றும் எண்ணம் இருந்தால் இன்னொரு பெர்க் மெஷின் வாங்காதீர்கள். டிரை கிளீனிங்கில் இதைப் படிப்படியாக நிறுத்த அமெரிக்கா 2024 டிசம்பரிலேயே முடிவெடுத்துவிட்டது. ஹைட்ரோகார்பன் மெஷின் வாங்கலாம். ஆனால் அது தீப்பற்றும் திரவம். கடைக்கு மேலே குடும்பம் இருந்தால் முதலில் பொம்பாவிடம் (தீயணைப்புத் துறையிடம்) கேளுங்கள்.