பூவே இல்லாத தோட்டத்தில் என்ன அழகு?

கேள்வி: பழங்கால மாளிகைகளைச் சுற்றி வெறும் புல்வெளி, கத்தரித்த வேலி, சரளைக்கல் பாதை மட்டும்தான் இருக்கிறது. அதைப் போய் ஏன் இவ்வளவு ரசிக்கிறார்கள்?

"வெறும்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வெறுமையைப் பதினோரு வருடம் கத்தரித்தவன் நான். நீங்கள் அநேகமாக பாரிஸ் பக்கத்திலுள்ள வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தை அரை நாளில் சுற்றிவிட்டுக் கால்வலியோடு திரும்பியிருப்பீர்கள். தப்பில்லை. புதுச்சேரியிலிருந்து வந்த என் மாமியாரும் நான் வேலை பார்த்த இடத்தைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, ஒரு செம்பருத்திகூடவா வைக்கல? மொட்டையா இருக்கே" என்றுதான் கேட்டார்.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், அதனால் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. பாரிஸ் பக்கம் வந்ததும் கிடைத்த வேலை தோட்டப் பராமரிப்பு. (விடிகாலையில் வேனில் ஏறி, போக வர மூன்று மணி நேரம். அதில் ஒரு நிமிடம்கூடச் சம்பளக் கணக்கில் வராது. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் விட மனசில்லை.)

நாங்கள் போன வீடு இருநூறு வருடம் தாண்டிய கல் வீடு. முன்பக்கம் இரண்டு புல்வெளி, நடுவில் பாதை, ஓரமாக முழங்கால் உயரத்துக்கு பாக்ஸ்வுட் என்ற குத்துச்செடியில் வேலி. அவ்வளவுதான். இரண்டாம் வருடம் ஜூனில் கயிறு கட்டி வெட்டும்போது ஒரு முளைக்குச்சி தளர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வேலி ஓரிடத்தில் இரண்டு விரல் அளவு பள்ளமாகிவிட்டது. கீழே நின்று பார்த்தால் தெரியவில்லை. நான் பாட்டுக்குக் குப்பையை அள்ளிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். என்னை மாடிக்குக் கூப்பிட்டு ஜன்னலைத் திறந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை அந்தத் தோட்டத்தை நான் மேலிருந்து பார்த்ததே இல்லை. வாசற்படியின் அகலம் அப்படியே பாதையின் அகலம். ஜன்னல்கள் முடியும் நேர்கோட்டில் வேலி தொடங்குகிறது. வீட்டின் அளவுகளையே தரையில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கு நடுவில் என் பள்ளம், புள்ளிக்கோலத்தில் ஒரு புள்ளி பிசகியது மாதிரி. ரோஜாவும் கொடியும் மண்டிய தோட்டமாக இருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. இங்கே ஒளிக்க இடமில்லை. பாக்ஸ்வுட் மெதுவாக வளரும் செடி வேறு, அந்தப் பள்ளத்தை ஒரு வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெலன் ஊருக்குப் பக்கத்திலுள்ள வோ-லெ-விகோந்த் மாளிகைக்குக் காசு கொடுத்துப் போனேன். பதினேழாம் நூற்றாண்டுத் தோட்ட வடிவமைப்பாளர் லெ நோத்ர் அமைத்த தோட்டம். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் இல்லையா, அதை ஈடுகட்டத் தொலைவிலுள்ள குளங்களைப் பெரிதாக வெட்டியிருக்கிறார். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளக் கால்வாய் ஒன்று குறுக்கே ஓடுகிறது. வீட்டுப் படியில் நின்றால் அது கண்ணுக்கே தெரியாது, நடந்து போனால்தான் தெரியும். 1661 ஆகஸ்ட் 17 அன்று நிதி மந்திரி ஃபூக்கே இங்கேதான் பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயிக்கு விருந்து வைத்தார். மூன்று வாரத்துக்குள் அவரைக் கைது செய்துவிட்டு, அதே லெ நோத்ரை ராஜா வெர்சாய்க்கு அழைத்துக்கொண்டார். நீங்கள் கால்வலியோடு பார்த்தது லெ நோத்ருடைய கைவேலைதான்.

பிரபுக்களுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: அந்த வேலியை வெட்டி முதுகு போனது எனக்கு. எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கே லட்சணம் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட தோட்டம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு அந்துப்பூச்சி 2007-இல் ஜெர்மனியில் தென்பட்டு, அடுத்த வருடமே பிரான்சுக்குள் நுழைந்தது. அதன் புழுக்கள் பாக்ஸ்வுட் இலையைத்தான் தின்னும். வோ-லெ-விகோந்தில் பூவேலைப்பாடாக வளர்த்திருந்த செடிகளையே பிடுங்கிவிட்டு, 2019-இல் அந்த இடத்தில் அலுமினியத் தகடுகளைப் பதித்தார்கள். எங்கள் வேலியும் ஒரே கோடையில் பழுப்பாகிப் போனது. வேரோடு தோண்டி வேனில் ஏற்றியது நான்தான். அதற்குள் அந்த அம்மாவும் காலமாகியிருந்தார். பிள்ளைகள் லாவெண்டர் வைத்தார்கள்.

போட்டோ எடுத்து மாமியாருக்கு அனுப்பினேன். "இப்பத்தான் மாப்பிள்ளை தோட்டம் மாதிரி இருக்கு" என்றார்.