கிட் டிரான்சீவரில் ரிசீவர் ஃபில்டர் அலைன்மென்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஹாம் ரேடியோ டிரான்சீவர் (கேட்கவும் பேசவும் ஒரே கருவி) கிட்டை சால்டர் செய்து முடித்து, ஸ்பீக்கரில் 'ஹிஸ்' கேட்டவுடன் வேலை முடிந்ததாகத்தான் தோன்றும். கேள்விகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபில்டர், அதாவது வேண்டிய அதிர்வெண்களை மட்டும் கடத்தும் பகுதி பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பிட்எக்ஸ்40 போர்டு வைத்திருக்கிறேன். 7 மெகாஹெர்ட்ஸில் எல்லோரும் போர்வைக்குள் இருந்து பேசுவது போல அமுங்கிக் கேட்கிறது. ஃபில்டரில் உள்ள கிரிஸ்டல்களை மாற்றிவிடலாமா சார்? (கோவை)

வேண்டாம். முதலில் சால்டரிங் அயர்னை அணைத்து வையுங்கள்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் (அழைப்புக்குறி வியு2இஎஸ்இ) வடிவமைத்த இந்த போர்டில் 12 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கிரிஸ்டல் ஃபில்டர் இருக்கிறது. அது பெரும்பாலும் கெடுவதில்லை. உங்கள் சந்தேகம் போக வேண்டிய இடம் பிஎஃப்ஓ, அதாவது ஃபில்டரைக் கடந்த சிக்னலோடு கலந்து அதைக் குரலாக மாற்றும் ஆஸிலேட்டர்.

பேச்சு புரிவதற்கு ஏறக்குறைய 300 முதல் 2700 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். ஃபில்டர் கடத்தும் அகலம் 2400 ஹெர்ட்ஸ் என்றால், அதன் ஓரத்திலிருந்து 300 ஹெர்ட்ஸ் வெளியே தள்ளி பிஎஃப்ஓ இருந்தால் கணக்கு சரியாக வரும். ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டால் 0 முதல் 2400 வரை கேட்கும்: கீழ்ச்சுருதி மிகுந்து, மேல்சுருதி போய்விடும். நீங்கள் சொல்லும் அமுக்கம் இதுதான். மாறாக 700 ஹெர்ட்ஸ் தள்ளிப்போனால் குரல் கீச்சென்று மெலிந்துவிடும்.

இந்த போர்டு 7 மெகாஹெர்ட்ஸில் எல்எஸ்பி (கீழ் சைட்பேண்ட், அதாவது கேரியருக்குக் கீழ்ப்பக்கம் உள்ள பாதி சிக்னல்) கேட்பதால் பிஎஃப்ஓ ஃபில்டருக்கு மேல்பக்கம் இருக்கிறது. எனவே உங்களுக்கு அது இன்னும் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். பிஎஃப்ஓ கிரிஸ்டலோடு உள்ள கண்டன்சரின் மதிப்பைக் குறைத்தால் அதிர்வெண் ஏறும், கூட்டினால் இறங்கும். அந்த இடத்தில் ஒரு சிறிய டிரிம்மரைப் (திருப்பி மதிப்பை மாற்றும் கண்டன்சர்) போட்டுவிட்டால் காதால் கேட்டுக்கொண்டே திருப்பலாம். ராடுயினோவில் (டயல் அதிர்வெண்ணைத் தரும் துணை போர்டு) உள்ள எஸ்ஐ5351 சிப்பின் சும்மா இருக்கும் ஒரு அவுட்புட்டிலிருந்தே பிஎஃப்ஓவை எடுப்பவர்களும் உண்டு. புரோகிராம் எழுத வருமென்றால் எனக்கும் அதுதான் பிடிக்கும்.

ஒன்று கவனியுங்கள். இந்த போர்டில் பிஎஃப்ஓவை 200 ஹெர்ட்ஸ் நகர்த்தினால் டயல் காட்டும் எண்ணும் 200 ஹெர்ட்ஸ் பிசகும். அதையும் திருத்திவிடுங்கள்.

கருவி எதுவும் இல்லை. ஒரு மல்டிமீட்டரும் பழைய லேப்டாப்பும் மட்டும்தான். பிஎஃப்ஓ எங்கே இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? (திருநெல்வேலி)

லேப்டாப் இருக்கிறதே, அது போதும்.

ஆன்டெனாவைச் செருகி, ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் டயலை நிறுத்துங்கள். வரும் இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அது ஃபில்டரைக் கடந்து வரும்போது ஃபில்டரின் உருவத்தை எடுத்துக்கொள்ளும். ஹெட்ஃபோன் அவுட்புட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக, சத்தத்தைக் குறைத்து, லேப்டாப்பின் மைக் துளைக்குக் கொடுங்கள். எஃப்எல்டிஜி போன்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் தெரியும். சராசரி எடுக்கும் வசதியைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால், குதித்துக்கொண்டிருக்கும் கோடு அடங்கி ஒரு மேடு மாதிரி நிற்கும். மேடு 300 பக்கம் ஏறி 2700 பக்கம் இறங்கினால் கை வைக்க வேண்டியதில்லை. 0 இலேயே மேடு தொடங்கினால் பிஎஃப்ஓ மிக அருகில் இருக்கிறது.

போனில் ஸ்பெக்ட்ராய்டு ஆப் வைத்தும் பார்க்கலாம். ஆனால் ஸ்பீக்கரும் போனின் மைக்கும் தங்கள் பங்குக்கு வளைவை மாற்றிவிடும். எனவே எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதற்கு மட்டும் அதை நம்புங்கள், நடுவில் உள்ள மேடுபள்ளத்துக்கு அல்ல.

இது புதிய உத்தி ஒன்றும் இல்லை. 1999இல் வந்த எலக்ராஃப்ட் கே2 கிட்டைக் கட்டியவர்கள் அதன் 'கேல் ஃபில்' மெனுவில் இப்படித்தான் ஒவ்வொரு ஃபில்டருக்கும் பிஎஃப்ஓவை உட்கார வைத்தார்கள்.

அப்புறம் இன்னொரு சோதனை, இதற்கு லேப்டாப்பும் வேண்டாம். நிலையான ஒரு கேரியரைப் (குரல் ஏறாத வெறும் அலை) பிடித்து டயலை மெதுவாகத் திருப்புங்கள். சுருதி இறங்கி இறங்கி மறையும். அதே திசையில் மேலும் திருப்பும்போது மறுபடி சுருதி பலமாக ஏறினால் பிஎஃப்ஓ ஃபில்டருக்கு உள்ளேயே நிற்கிறது, இரண்டு சைட்பேண்டும் கேட்கிறது என்று பொருள். மறுபக்கம் கிட்டத்தட்ட அமைதியாக இருக்க வேண்டும்.

மைக்ரோபிட்எக்ஸில் பிஎஃப்ஓவைச் சரிசெய்தேன், பிறகு கேலிப்ரேஷன் செய்தேன், மறுபடி குரல் மாறிவிட்டது. ஏன்? (ஈரோடு)

வரிசை தலைகீழ். இதில் பிஎஃப்ஓவையும் எஸ்ஐ5351 சிப்தான் கொடுக்கிறது. அதன் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் உண்மையில் எவ்வளவு என்பதைத்தான் கேலிப்ரேஷன் சொல்லித்தருகிறது. அதை மாற்றினால் பிஎஃப்ஓவும் சேர்ந்து நகரும். பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகு என்றாலே 12 மெகாஹெர்ட்ஸில் 120 ஹெர்ட்ஸ். காதுக்குத் தெரியும்.

எனவே முதலில் கேலிப்ரேஷன். சீனாவின் பிபிஎம் நேர சிக்னல் 10 மெகாஹெர்ட்ஸிலும், மாஸ்கோவின் ஆர்டபிள்யூஎம் 9.996 இலும் வரும். சீரோ பீட் (சுருதி இறங்கி மறையும் இடம்) தேட வேண்டாம். மிகக் கீழ்ச்சுருதியை ஃபில்டர் வெட்டிவிடுவதால் கடைசிச் சில பத்து ஹெர்ட்ஸில் காது ஏமாந்துபோகும். யூஎஸ்பியில் (மேல் சைட்பேண்ட்) டயலை 9.999 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் கேரியர் 1000 ஹெர்ட்ஸ் சுருதியாகக் கேட்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் 1000 என்று தெரியும்வரை திருத்துங்கள். அதற்குப் பிறகு பிஎஃப்ஓவைத் தொடுங்கள்.

பேண்ட்பாஸ் ஃபில்டரின் (ஆன்டெனா பக்க ஃபில்டர்) ஐஎஃப்டி காயில் கோர்களைத் திருப்புகிறேன். சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் அசையவே இல்லை. காயில் போய்விட்டதா? (சேலம்)

எவ்வளவு பலமான சிக்னலில் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. பலமான சிக்னல் என்றால் ஏஜிசி (சத்தத்தைத் தானாகச் சமன் செய்யும் பகுதி) குறுக்கே வந்துவிடும்: நீங்கள் கூட்டக் கூட்ட அது குறைத்துக்கொண்டே இருக்கும், பீக் தட்டையாகத் தெரியும். ஏஜிசியை நிறுத்துங்கள். நிறுத்த வழியில்லை என்றால் இரைச்சலைவிடச் சற்றே எழும்பும் மெல்லிய சிக்னலில் பாருங்கள்.

இரண்டாவது சந்தேகம் உங்கள் கையில் உள்ள ஸ்க்ரூடிரைவர். இரும்பு முனை அருகில் வந்தாலே காயிலின் மதிப்பு மாறும். பீக் என்று நினைத்து எடுத்தவுடன் போய்விடும். போதாததற்கு ஃபெரைட் கோரின் காடி உடையும். உடைந்த கோரை எடுப்பது அலைன்மென்ட்டைவிடப் பெரிய வேலை. பழைய டூத்பிரஷ் கைப்பிடியைத் தட்டையாக அரம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பீக் கிடைத்த பிறகு ஒரே இடத்தில் நின்றுவிட வேண்டாம். 7.000 முதல் 7.200 வரை வேண்டுமென்றால் 7.100 இல் பீக் வைத்து, இரண்டு ஓரத்திலும் கேட்டுப் பாருங்கள். ஓர் ஓரம் மட்டும் சோர்ந்திருந்தால் ஒரு கோரை மட்டும் கால் சுற்று நகர்த்தி இரண்டையும் சமன் செய்யலாம். நடுவில் கொஞ்சம் குறைந்தால் நஷ்டமில்லை.

கியூசிஎக்ஸ் கிட். பீக் பிபிஎஃப் (பேண்ட்பாஸ் ஃபில்டர்) மெனுவில் டிரிம்மரைத் திருப்பினால் ஒரே ஒரு இடத்தில்தான் அளவு ஏறுகிறது. இது சரியா? (சென்னை)

சரியில்லை. ஆனால் நல்ல துப்பு. அந்த டிரிம்மருக்கு ஸ்டாப்பர் கிடையாது, முழுச் சுற்றும் சுற்றும். உண்மையான பீக் என்றால் ஒரு சுற்றில் இரண்டு முறை வர வேண்டும், ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. ஒரே இடம் என்றால் டிரிம்மர் தன் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. தட்டுகள் முழுவதும் ஒன்றின்மேல் ஒன்று இருக்கும்போது பீக் என்றால் டி1 டிரான்ஸ்ஃபார்மரின் நீளச் சுருளுக்குச் சுற்று போதவில்லை. முழுவதும் விலகியிருக்கும்போது என்றால் சுற்று அதிகம், ஒன்றிரண்டைக் கழற்றுங்கள். எண்ணும்போது நினைவில் வையுங்கள்: கம்பி வளையத்தின் துளைக்குள் ஒருமுறை போனாலே அது ஒரு சுற்று.

எதுவுமே ஏறவில்லை என்றால் கம்பியின் எனாமல் பூச்சு சரியாகச் சுரண்டப்படவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

பீக்குக்குப் பிறகு மெனு ஐ-கியூ பேலன்ஸ், ஃபேஸ் லோ, ஃபேஸ் ஹை என்று போகும். இந்த கிட்டில் கிரிஸ்டல் ஃபில்டர் இல்லை. வேண்டாத சைட்பேண்டை இந்த மூன்றுதான் அடக்குகின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று கலையும், எனவே இரண்டாவது முறையும் சுற்றி வாருங்கள்.

நானோவிஎன்ஏவில் (ஃபில்டரின் வளைவைக் காட்டும் சிறிய கருவி) கிரிஸ்டல் ஃபில்டரைப் பார்த்தேன். ஒரு ஊசிமுனைதான் தெரிகிறது. (திருச்சி)

ஸ்பேன் (தேடும் அதிர்வெண் அகலம்) அதிகம். 101 புள்ளிகளில் 1 மெகாஹெர்ட்ஸைத் தேடினால் புள்ளிக்குப் புள்ளி 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. 2.4 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஸ்பேனை 10 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். அடுத்து, அந்தக் கருவி 50 ஓம், ஃபில்டர் பெரும்பாலும் அதைவிட அதிகம். இரு பக்கமும் ரெசிஸ்டர் போட்டு ஈடுகட்டாமல் பார்த்தால் இல்லாத மேடுபள்ளமெல்லாம் தெரியும். அதைப் பார்த்துக் கண்டன்சரை மாற்றத் தொடங்கிவிடாதீர்கள்.

சொந்தமாக ஃபில்டர் செய்ய கிரிஸ்டல்கள் எவ்வளவு பொருந்த வேண்டும்? (தஞ்சாவூர்)

ஃபில்டர் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குள். எஸ்எஸ்பிக்கு (ஒரே சைட்பேண்டில் குரல்) 200 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள், அதற்குள் எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. சிடபிள்யூவுக்கு (மோர்ஸ்) இன்னும் கறாராக. ஒரே தொகுப்பில் இருபது வாங்கி, ஒரே ஆஸிலேட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டு அளந்து பொறுக்குங்கள். கையில் பிடித்த சூடு ஆறட்டும்.

கேட்பது இப்போது அருமையாக இருக்கிறது. ஆனால் நான் பேசினால் கூடவே விசில் வருகிறது என்கிறார்கள், ஓஎம் (ஹாம் நண்பரே). (மதுரை)

பிட்எக்ஸ் குடும்பத்தில் கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே ஃபில்டர், ஒரே பிஎஃப்ஓ. கேட்க இனிமையாக இருக்கட்டும் என்று பிஎஃப்ஓவை ஃபில்டருக்கு அருகில் இழுத்திருப்பீர்கள். வெளியே இருக்கும்போது கேரியரை ஃபில்டரின் சரிவும் கொஞ்சம் அடக்கும், உள்ளே வந்தால் அந்த உதவி போய்விடும். அதைத்தான் அவர்கள் விசிலாகக் கேட்கிறார்கள். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு போட்டு, மைக்கைக் கழற்றி, பிடிடியை (பேசும் பட்டன்) அழுத்துங்கள். பக்கத்தில் இன்னொரு ரிசீவரில் கேரியரைக் கேட்டுக்கொண்டே பிஎஃப்ஓவை 50, 50 ஹெர்ட்ஸாக வெளியே தள்ளுங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் பேலன்ஸ்டு மாடுலேட்டரின் (கேரியரை அடக்கும் பகுதி) டையோடுகளையும், இருந்தால் அதன் பிரீசெட்டையும் பார்க்க வேண்டும்.