உங்கள் அப்பாவுக்காகவே எடுத்த படம் அது

கேள்வி: போன வாரம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து 'மிஸ்ஸிங்' என்ற பழைய ஆங்கிலப் படம் பார்த்தோம். ராணுவம் ஆட்சியைப் பிடித்த ஒரு நாட்டில் காணாமல் போன மகனைத் தேடி அமெரிக்காவிலிருந்து ஓர் அப்பா வருகிறார். மருமகளோடு சேர்ந்து தூதரகம், ஆஸ்பத்திரி, ஸ்டேடியம் என்று அலைகிறார். படம் முடிந்ததும் வீட்டில் பெரிய வாக்குவாதம். என் அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர். "எந்த அரசாங்கமும் சொந்தக் குடிமகனை இப்படிக் கைவிடாது, எல்லாம் சினிமாவுக்காக ஜோடித்தது. அந்தப் பையன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது" என்கிறார். எனக்குக் கோபமும் அழுகையுமாக வந்தது. குற்றவாளி யாரும் பிடிபடாமலே படம் முடிந்தது இன்னும் மனசை அறுக்கிறது. இதில் எவ்வளவு உண்மை? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? பிளஸ் டூ படிக்கும் என் மகனுக்கு இதைக் காட்டலாமா?

ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில், அப்பாவோடு சண்டை போடாதீர்கள். அவர் இன்று சொல்வதைத்தான் படத்தின் தொடக்கத்தில், மகனைத் தேடி வரும் எட் ஹார்மனும் நம்புகிறார். நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கும்போது அவருக்குத் தூதரகத்தின் மேல் முழு நம்பிக்கை. கோபமெல்லாம் மகன் மேலும் மருமகள் மேலும்தான்: ஒழுங்காக ஊரில் இருந்திருந்தால் இந்த வம்பு வந்திருக்குமா? இயக்குநர் கோஸ்டா-காவ்ராஸ் இந்தக் கதையை ஒரு புரட்சிக்காரனின் கண் வழியாகச் சொல்லவில்லை. அரசை நம்பி, வரி கட்டி, வரிசையில் நின்று வாழ்ந்த ஒரு மனிதரின் கண் வழியாகச் சொன்னார். அந்த வேடத்துக்கு, நகைச்சுவைப் படங்களால் மக்களுக்கு நெருக்கமான ஜாக் லெம்மனை எடுத்தார். 1982-ல் கான் திரைப்பட விழாவில் லெம்மனுக்குச் சிறந்த நடிகர் விருதும், படத்துக்குத் தங்கப் பனை விருதில் பங்கும் கிடைத்தன.

சரி, எவ்வளவு உண்மை? எலும்புக்கூடு முழுவதும் உண்மை. படம் நாட்டின் பெயரைச் சொல்லாவிட்டாலும் அது சிலி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அதிபர் அயெந்தேயின் ஆட்சியை 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் கவிழ்த்தது. ராணுவத் தளபதி பினோசெட் அதிகாரத்துக்கு வந்தார். காணாமல் போன மகன் சார்லஸ் ஹார்மன் 31 வயதுப் பத்திரிகையாளர். கவிழ்ப்பு நடந்த அன்று ஒரு குடும்பத் தோழியோடு வீன்யா தெல் மார் என்ற கடற்கரை ஊருக்குப் போயிருந்தார். சாலைகளை அடைத்துவிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். தங்கிய ஹோட்டலில் அமெரிக்கக் கடற்படையோடு தொடர்புள்ளவர்கள் இருந்தார்கள். வந்த வேலை முடிந்தது என்கிற தொனியில் ஒருவர் பேசியதாகத் தோழி பிற்பாடு சொன்னார். ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் காரில்தான் இருவரும் தலைநகர் சான்டியாகோ திரும்பினார்கள். 17-ம் தேதி ராணுவம் சார்லஸை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனது.

அன்று இரவு அவர் மனைவி ஜாய்ஸ் வீட்டில் இல்லை. ஊரடங்கு நேரம் வந்துவிட்டது, தெருவில் தென்பட்டால் சுடுவார்கள் என்பதால் வெளியிலேயே பதுங்கி இரவைக் கழித்தார். காலையில் வீடு சூறையாடப்பட்டுக் கிடந்தது. படத்தில் மருமகளின் பெயர் பெத், நடித்தவர் சிஸ்ஸி ஸ்பேசக். அந்த இரவுக் காட்சியை மறுபடி பாருங்கள். ஒரு வெள்ளைக் குதிரை காலித் தெருவில் தறிகெட்டு ஓடுகிறது, பின்னால் ஜீப்பில் ராணுவத்தினர் சுட்டபடியே துரத்துகிறார்கள். யாரும் எதையும் விளக்குவதில்லை. அந்த ஊரில் அந்த வாரம் எதற்கும் ஒரு கணக்கு இல்லை என்பது அந்த ஓட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அப்பாவிடம் வாதாடுவதற்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்கள்: "எட் ஹார்மன் எந்த இடத்தில் மாறினார் என்று உங்களுக்குத் தோன்றுகிறது?" பலரும் சவக்கிடங்குக் காட்சியைச் சொல்வார்கள். கைதிகளை அடைத்து வைத்திருந்த ஸ்டேடியத்தில் அவர் மைக்கில் மகனைக் கூப்பிட, யாரோ ஒரு பையன் ஓடி வருகிற இடத்தையும் சொல்வார்கள். எனக்கு அது ஃபோர்டு அறக்கட்டளை என்ற அமெரிக்க அமைப்பின் அலுவலகம். தூதரகம் நாள் கணக்கில் "விசாரிக்கிறோம், தலைமறைவாக இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சம்பந்தமே இல்லாத ஒரு அறக்கட்டளைக்காரர் ஒரே சந்திப்பில் சொல்லிவிடுகிறார்: உங்கள் மகனை ஸ்டேடியத்திலேயே சுட்டுவிட்டார்கள். மகன் போன செய்தியோடு, இத்தனை நாளும் தன்னிடம் பொய் பேசியிருக்கிறார்கள் என்பதும் அந்த மனிதருக்கு அப்போதுதான் உறைக்கிறது. அப்புறம் தூதர் பேசுவதைக் கவனியுங்கள். இந்த நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் தொழில் செய்கின்றன, அவற்றின் நலன்தான் உங்கள் நலன் என்கிறார். உங்கள் மகன் இதில் மாட்டாமல் இருந்திருந்தால் நீங்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள் என்றும் சொல்கிறார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் எவரும் அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

"தன் வேலையைப் பார்த்துக்கொண்டு" என்பதற்கு மட்டும் நேராகவே பதில் சொல்லலாம். கேட்பதும் குறித்துக்கொள்வதும்தானே பத்திரிகையாளனுடைய வேலை? அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

இனி, பிடிபடாத குற்றவாளிகள். படம் முடிந்த இடத்தில் கதை முடியவில்லை. சார்லஸின் உடல் சுமார் ஏழு மாதம் கழித்துத்தான் நியூயார்க் வந்தது, பிரேதப் பரிசோதனைக்கு லாயக்கில்லாத நிலையில். எட் ஹார்மன், அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த கிஸிஞ்சர் உட்பட 11 அதிகாரிகள் மேல் வழக்குப் போட்டார். தேவையான ஆவணங்கள் ரகசியம் என்று பூட்டி வைக்கப்பட்டதால் வழக்கு நிற்கவில்லை. படம் வந்தபோது அமெரிக்க வெளியுறவுத் துறையே மறுப்பு வெளியிட்டது. முன்னாள் தூதரும் இன்னும் இருவரும் 15 கோடி டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். அது தள்ளுபடியானது. எட் 1993-ல் காலமானார்.

அவர் முழுதாகப் பார்க்காமலே போன ஒரு காகிதம் உண்டு. 1976-ல் வெளியுறவுத் துறைக்குள்ளேயே எழுதப்பட்ட குறிப்பு அது. முதலில் குடும்பத்தின் கைக்கு வந்தபோது முக்கியமான வரிகள் மறைக்கப்பட்டிருந்தன. 1999-ல் அந்த வரிகள் வெளியாயின. ஹார்மனின் சாவில் அமெரிக்க உளவுத்துறைக்கு வருந்தத்தக்க பங்கு இருந்திருக்கலாம் என்று அதிகாரிகளே எழுதியிருந்தார்கள். 'இருந்திருக்கலாம்' என்பதோடு அந்தக் குறிப்பு நின்றுவிடுகிறது, அதையும் அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அமெரிக்க அதிகாரி ஒருவர் கொலைக்குச் சம்மதித்தார் என்று படம் காட்டும் அளவுக்கு அது போகவில்லை.

ஜாய்ஸ் விடவில்லை. 2000-ல் சிலி நீதிமன்றத்திலேயே புகார் கொடுத்தார். சார்லஸைக் காரில் கூட்டி வந்தாரே, அந்தக் கடற்படை அதிகாரி ரே டேவிஸ், அவர் மேல் 2011-ல் சிலி நீதிபதி குற்றம் சாட்டினார். அமெரிக்காவிலிருந்து அவரை வரவழைக்க 2012-ல் சிலி உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த ஆள் சான்டியாகோவிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தது, 2013-ல் அங்கே இறந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. கடைசியில் 2015-ல் சிலியின் முன்னாள் உளவு அதிகாரிகள் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையைக் கூட்டியது. பெத்ரோ எஸ்பினோசா என்பவருக்கு 15 ஆண்டு. நாற்பத்து மூன்று வருஷம் ஆனது, ஆனாலும் நடந்தது. படத்தின் முடிவு உங்கள் மனசை அறுக்கிறது என்றால் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த நாட்டில் ஹார்மன் குடும்பத்துக்காவது ஒரு சவப்பெட்டி வந்து சேர்ந்தது. கைதாகிக் காணாமல் போன சிலி மக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகூட இன்னும் கிடைக்கவில்லை. அவர்களைத் தேட அரசே ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது 2023-ல்தான். அதுவரை தேடியவர்கள் பெரும்பாலும் பெண்கள், நெஞ்சில் போட்டோவைக் குத்திக்கொண்டு "எங்கே அவர்கள்?" என்று கேட்டு நின்றவர்கள். நம் வாசகர்களில் இலங்கையின் வடக்கு, கிழக்கைச் சேர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

மகனுக்குத் தாராளமாகக் காட்டலாம். சவக்கிடங்குக் காட்சி கடுமையானது. கண்ணாடிக் கூரைக்கு மேலேயும் உடல்கள் கிடப்பது நிழலாகத் தெரியும். பக்கத்தில் நீங்கள் இருங்கள். படம் நாட்டின் பெயரையே சொல்லாது என்பதால், அயெந்தே யார், செப்டம்பர் 11-ல் என்ன நடந்தது என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் அரை மணி நேரம் குழம்புவான். முடிந்தால் தாத்தாவையும் கூட உட்கார வையுங்கள். இந்தத் தடவை அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.