ஒரு எழுத்து மாறினா பாதி புரோட்டீன்

கேள்வி: மனுஷனுக்கு புரோட்டீன் செய்ற ஜீன் சுமார் 20,000தான்னு படிச்சேன், ஆனா புரோட்டீன் வகை அதவிட ரொம்ப ஜாஸ்தியாம். ஒரு ஜீனுக்கு ஒரு புரோட்டீன்னுதானே சார் ஸ்கூல்ல சொன்னாங்க?

பதில்: அது பழைய கணக்குங்க. ஜீன்ல இருந்து நேரா புரோட்டீன் வராது, நடுவுல ஆர்.என்.ஏ.ன்னு ஒரு நகல் எடுத்தாகணும், செல் தன் கைவரிசைய காட்டறதே அந்த நகல்லதான். முதல் வேலை வெட்டி ஒட்டறது, ஸ்ப்ளைசிங்னு பேரு, 1977ல தெரிய வந்துச்சு, அதுக்கு ஷார்ப், ராபர்ட்ஸ் ரெண்டு பேருக்கும் 1993ல நோபல். எந்தத் துண்ட வச்சுக்கறது எத தூக்கிப் போடறதுன்னு செல்லுக்கு செல் மாறும். பழ ஈக்கு டிஸ்காம்னு ஒரு ஜீன், அந்த ஒண்ணுலயே 38,016 விதமா ஒட்ட முடியும், ஈயோட மொத்த ஜீனே அவ்வளவு கிடையாது!

ஆனா எனக்கு புடிச்சது இது இல்ல, நகல்ல இருக்கற எழுத்தையே செல் திருத்துதே அந்த ஆர்.என்.ஏ. எடிட்டிங்தான். அப்போ-பின்னு ஒரு ஜீன எடுத்துக்கோங்க. கல்லீரல்ல அது 4,536 அமினோ அமிலம் (புரோட்டீனோட கண்ணிகள்) உள்ள நீள புரோட்டீன் தரும். நகல்ல மூணு எழுத்து சேந்தா ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு அமினோ அமிலம். குடல்லயும் அதே ஜீன்தான், ஆனா நகல்ல 2153வது சொல் "சிஏஏ"ன்னு இருக்கே, அதுல இருக்கற "சி"ய ஒரு என்சைம் "யு"வா மாத்திடுது. "யுஏஏ"ன்னா "நிறுத்து"ன்னு அர்த்தம், அதனால 2,152லயே புரோட்டீன் முடிஞ்சிடும். பிழைனு நினைச்சுடாதீங்க, அந்த குட்டை புரோட்டீன்தான் நாம சாப்பிட்ட கொழுப்ப குடல்ல இருந்து சுமந்துட்டு போகுது. நெட்டை, கல்லீரல்ல இருந்து கிளம்பற கொழுப்ப சுமக்கும், அது எல்டிஎல்ங்கற கொலஸ்ட்ரால் சுமக்கற துகளா மாறினப்புறம் செல்கள் அத புடிச்சு உள்ள இழுக்கறதுக்கான பிடி வெட்டுப்பட்ட பின்பாதியிலதான் இருக்கு, குட்டைக்கு அது கிடையாது.

கேள்வி: இவ்வளவு சுத்து எதுக்கு, டிஎன்ஏவையே மாத்திடலாமே?

பதில்: டிஎன்ஏல மாத்தினா மாத்தினதுதான், அந்த செல்லுல அப்படியே நின்னுடும், பிரிஞ்சா அடுத்த செல்லுக்கும் போகும். நகல் கொஞ்ச நேரத்துல அழிஞ்சிடற பொருள், இன்னிக்கு திருத்தி நாளைக்கு விட்டுடலாம். ஆக்டோபஸ பாருங்க, தண்ணி குளிர்ந்தா நரம்பு செல்கள்ல எடிட்டிங்க கூட்டிடுதுன்னு 2023ல ஆய்வு வந்துச்சு, அங்க "ஏ"ங்கிற எழுத்த திருத்தி "ஜி" மாதிரி படிக்க வைக்குது. சூடு ஏறினா எடிட்டிங் கொறையும், டிஎன்ஏ பாட்டுக்கு அப்படியே கெடக்கும்.