தெற்கு யூட்டாவில் தனியாக பைக்கில்: நாலு மணிக்குள் கூடாரம் அடித்துவிடுங்கள்

கேள்வி: சால்ட் லேக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். ஹோண்டா சிபி500எக்ஸ் வைத்திருக்கிறேன். அக்டோபர் முதல் வாரத்தில் தெற்கு யூட்டாவின் மாநிலப் பூங்காக்களில் தங்கித் தங்கி, தனியாக ஒரு சுற்று போய்வர ஆசை. முதல் இரவு டெட் ஹார்ஸ் பாயிண்ட். மறுநாள் நேரே எஸ்கலான்டே. அடுத்து கோடாக்ரோம் பேசின். அங்கிருந்து காட்டன்வுட் கேன்யன் ரோடு வழியாக லேக் பவல் பக்கம் இறங்கி வீடு திரும்பலாம் என்று நினைக்கிறேன். தனியாகக் கூடாரத்தில் தங்கிப் பழக்கமில்லை, மனைவியும் பயப்படுகிறார். இந்தத் திட்டம் சரிப்படுமா?

பதில்: பூங்காக்களை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நாட்களைப் பிரித்த விதத்தை மட்டும் மாற்றுங்கள். மைல் கணக்கை வைத்துப் பிரித்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் ஒரு நாளில் எவ்வளவு ஓட்டலாம் என்பதை முடிவு செய்வது மாலை வெளிச்சமும் சாலை ஏறும் உயரமும்தான்.

முதலில் வெளிச்சம். அக்டோபர் தொடக்கத்தில் அங்கே ஏழு மணிவாக்கில் சூரியன் மறையும். உங்கள் வழியில் வரும் நெடுஞ்சாலை 12-இல் பல இடங்களில் வேலியே கிடையாது. மாடுகள் சாலையோரம் மேயும், சாலையிலேயே நிற்கும். அந்தி சாய்ந்தால் மான்களும் இறங்கிவரும். கருப்பு மாடு, கருப்புத் தார், தெருவிளக்கு ஒன்றுகூட இல்லை. காருக்கு இது பம்பர் செலவு, பைக்குக்கு உயிர்ச் செலவு. ஆகவே நாலு மணிக்குள் கூடாரம் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு காலைப் புறப்பாட்டைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இந்த ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டெட் ஹார்ஸ் பாயிண்ட்டிலிருந்து ஒரே நாளில் எஸ்கலான்டே போவது இந்த விதிக்குள் அடங்காது. கிட்டத்தட்ட 250 மைல், அதில் ஒரு மலையேற்றமும் உண்டு. நடுவில் காப்ளின் வேலி (Goblin Valley) மாநிலப் பூங்காவில் ஓர் இரவு சேர்த்துக்கொள்ளுங்கள். டெட் ஹார்ஸ் பாயிண்ட்டிலிருந்து ஏறக்குறைய 110 மைல்தான், மதியத்துக்குள் போய்விடலாம். காளான் போல நிற்கும் அந்த மணற்பாறைகளை மாலை வெயிலில் நடந்து பாருங்கள். 2016-இல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்று அங்கீகாரம் பெற்ற இடம் அது. முடிந்தால் அமாவாசையை ஒட்டித் தேதியை வையுங்கள். அப்படிப்பட்ட வானம் நகரத்துக்காரருக்கு வாய்ப்பது அரிது.

அடுத்தது உயரம். காப்ளின் வேலி சுமார் 5,000 அடியில் இருக்கிறது. மறுநாள் டோரி என்ற ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலை 12 போல்டர் மலையில் 9,600 அடி வரை ஏறும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ இரண்டு டிகிரி செல்சியஸ் குறையும் என்று வையுங்கள். கீழே 22 டிகிரி என்றால் உச்சியில் 13, அதுவும் ஓடும் பைக்கின் காற்றில். அக்டோபரில் அங்கே பனி பெய்யவும் கூடும். காலையில் மர நிழல் விழும் வளைவுகளில் தார்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படிந்திருக்கும். அந்த மலையைப் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் கடந்துவிடுங்கள். முந்தின இரவு யூட்டா போக்குவரத்துத் துறையின் யூடாட் ட்ராஃபிக் செயலியில் சாலைக் கேமராவைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். ஏறுவதற்கு முன்பே, டோரியில் நிறுத்தி உள்ளடுக்கு உடையைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் தெரிந்த பிறகு போடலாம் என்று இருந்தால் அதற்குள் விரல்கள் மரத்து, பிரேக் பிடிப்பு மந்தமாகிவிடும். போல்டர் ஊரைத் தாண்டினால் ஹாக்பேக் என்னும் முகடு வரும். இரண்டு பக்கமும் சரிவு, தடுப்பு கிடையாது. காட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

காட்டன்வுட் கேன்யன் ரோட்டைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். போனில் வரைபடம் அதைச் சுருக்கு வழியாகக் காட்டும். ஆனால் அது 40 மைலுக்கு மேல் நீளும் மண் சாலை, அதிலும் களிமண். நனைந்தால் அந்தக் களி மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் அப்பி, சக்கரத்தையே சுற்றவிடாது. காய்ந்திருக்கும்போது அனுபவசாலிகள் போகிறார்கள், உண்மைதான். சுமை ஏற்றிய பைக்கில், தார்ச்சாலை டயரில், முதல் தனிப்பயணத்தில், சிக்னல் இல்லாத இடத்தில் அதை ஓட்ட வேண்டாம்.

பெட்ரோல் விஷயத்தில் உங்கள் வண்டிக்குப் பிரச்சினையில்லை. டேங்க் 17 லிட்டருக்கு மேல் கொள்ளும். இருந்தாலும் கிரீன் ரிவர், ஹேங்க்ஸ்வில், டோரி, எஸ்கலான்டே ஆகிய நான்கு ஊர்களிலும் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள். தண்ணீர்தான் கவனிக்க வேண்டியது. டெட் ஹார்ஸ் பாயிண்ட்டுக்குத் தண்ணீரை லாரியில்தான் கொண்டுபோகிறார்கள். கிரீன் ரிவரிலேயே நாலு லிட்டர் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். காப்ளின் வேலி, எஸ்கலான்டே, கோடாக்ரோம் மூன்றிலும் குளியலறை உண்டு.

இரவுக் குளிரைக் குறைத்து எண்ணாதீர்கள். எஸ்கலான்டே, கோடாக்ரோம் இரண்டும் 5,800 அடிக்குக் குறையாத உயரம்; அக்டோபரில் இரவு உறைநிலை வரை இறங்கக்கூடும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் வெப்பநிலை எண்ணை நம்பாமல், கம்ஃபர்ட் என்று குறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 5 செல்சியஸ் அளவில் இருக்கட்டும். அதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் மெத்தை. உடம்பின் சூட்டைத் தரைதான் அதிகம் இழுக்கும், ஆகவே ஆர் மதிப்பு (சூடு வெளியேறாமல் தடுக்கும் திறனின் அளவு) 4-க்குக் குறையாத மெத்தை வேண்டும். காப்ளின் வேலியில் காற்றும் மணலும் கூடாரத்துக்குச் சோதனை. முளைகள் மணலில் பிடிக்காது. தானே நிற்கும் கூடாரமாக எடுத்துப்போய், மூலைகளில் கல்லைக் கட்டுங்கள். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அகலத் தகடு ஒன்றும் எடுத்துப்போங்கள். இரவில் மணலில் சாய்ந்த பைக்கைத் தனியாளாகத் தூக்குவது பெரும்பாடு.

சுமையில் கனமானது கீழேயும் முன்பக்கமாகவும் வரட்டும்: கருவிகள், தண்ணீர், அடுப்பு எல்லாம் பக்கப் பெட்டிகளின் அடியில். பின்சீட்டின் மேல் ஸ்லீப்பிங் பேக் மாதிரி லேசானது மட்டும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம், கழன்றால் பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். பட்டை வாருக்குச் செலவழியுங்கள். பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்ப்ரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) கூட்டி, கையேட்டில் முழுச் சுமைக்குச் சொன்ன டயர் அழுத்தத்தை வையுங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரமே எல்லாவற்றையும் ஏற்றி, ஆளில்லாத பார்க்கிங் ஒன்றில் பத்துத் தடவை அவசர பிரேக் பிடித்துப் பழகுங்கள். சுமையோடு வண்டி நிற்க எவ்வளவு தூரம் எடுக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. அதற்கு மாநிலப் பூங்காவே பாதி பதில்: எண் போட்ட இடம், பக்கத்தில் குடும்பங்கள், ரோந்து வரும் ரேஞ்சர். மீதிப் பாதிக்கு ஒரு செயற்கைக்கோள் தகவல் கருவியை வாடகைக்காவது எடுங்கள். ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் அதிலேயே செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது, வீட்டில் இருக்கும்போதே அதன் ஒத்திகையைச் செய்து பாருங்கள். பூங்காக்களின் எண்களையும் அந்தந்த கவுண்டியின் (மாவட்டத்தின்) காவல் அதிகாரியான ஷெரிஃபின் அலுவலக எண்ணையும் தாளில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். இரவு எட்டு மணி வரை செய்தி வராவிட்டால் முதலில் பூங்கா, பிறகு ஷெரிஃப் என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். இத்தனை மணிக்கு இதைச் செய்வது என்று தெரிந்திருந்தால் வீட்டில் இருப்பவருக்கும் மனம் ஓரளவு அடங்கும்.

இடத்தை இப்போதே பதியுங்கள். நான்கு மாதம் முன்பிருந்தே பதிவு திறந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் நெரிசலான வெள்ளி, சனி இரவுகள் உங்கள் கணக்கில் வரவே வராது. கடைசி நாள் கோடாக்ரோமிலிருந்து வெயில் ஏறிய பிறகு புறப்பட்டு, நெடுஞ்சாலை 12-இல் மேற்கே வந்து, 89-ஐப் பிடித்து வடக்கே போய், 20 வழியாக ஐ-15-இல் ஏறுங்கள். பீவர் என்ற ஊரில் பெட்ரோலும் சாப்பாடும் முடித்துக்கொண்டால் மாலைக்குள் சால்ட் லேக் சிட்டி.