ஆபரேஷனில் இறக்கிய பிபியைப் பிடிப்பது கணினியா, கையா?

கேள்வி: ரத்தப்போக்கு குறைய ஆபரேஷனின்போது பிபியை வேண்டுமென்றே இறக்குகிறார்களே, அதைக் கணினி கவனிப்பது நல்லதா, டாக்டர் கையால் கவனிப்பதா?

கும்பகோணத்தில் மயக்க மருந்து மருத்துவராக இருக்கிறேன். சீராகப் பிடிப்பதை மட்டும் கேட்டால், கணினிதான் மேல்.

மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டுச் செய்யும் சைனஸ் எண்டோஸ்கோபியில் லென்ஸை ரத்தம் மறைத்தால் சர்ஜனுக்கு வழி தெரியாது. ஒட்டினாற்போல் கண்ணும் மூளையும் இருக்கும் இடம் அது. அதனால் சராசரி அழுத்தத்தை (பிபியின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையில் வரும் அளவு) 60, 65க்கு இறக்குவோம். இதற்கான பழைய மருந்து நைட்ரோபுரசைடு. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும், சிரிஞ்சை அலுமினியத் தாளில் சுற்றித்தான் வைக்க வேண்டும். ஒருவருக்குப் போதுமான அளவு இன்னொருவருக்கு எட்டவே எட்டாது. மிஞ்சினால் உடம்பில் சயனைடு சேரும். ஒரு நிமிடத்துக்குள் வேலையைக் காட்டும், நிறுத்தினால் சில நிமிடங்களில் போய்விடும்.

அந்த ஒரு நிமிடத்தில்தான் கை தடுமாறும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகிறது. இன்னும் வரவில்லையே என்று ஷட்டரை மேலும் ஏற்றினால், பிறகு மொத்தமாக வந்து கரையை உடைக்கும். மருந்தைச் செலுத்தும் பம்பை அவசரப்பட்டு ஏற்றினாலும் அப்படித்தான்: அழுத்தம் திடீரென்று 45க்குச் சரியும், பதறி நிறுத்தினால் 90க்கு ஏறும். கணினி அந்தத் தாமதத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு, சிறுகச் சிறுக மாற்றும். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில், இதய ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு 1970களிலேயே கணினி இந்த மருந்தைச் செலுத்தியது.

ஆனால் கணினி பார்ப்பது எண்ணைத்தான். ஒருமுறை அழுத்தம் அளக்கும் டிரான்ஸ்டியூசர் ஸ்டாண்டிலிருந்து நழுவி ஓரடி கீழே தொங்கியது. மானிட்டரில் அழுத்தம் இருந்ததைவிட 20க்கு மேல் கூடிவிட்டது. நோயாளிக்கு ஒன்றுமே ஆகவில்லை. பம்ப் கணினியின் வசம் இருந்திருந்தால், அந்தப் பொய் எண்ணை நம்பி மருந்தைக் கூட்டியிருக்கும். பக்கத்தில் நின்றதால் கண்ணில் பட்டது.

தலையை உயர்த்திப் படுக்க வைக்கும்போது மூளைதான் கடைமடை. நெஞ்சு மட்டத்தில் 60 இருந்தால், 20 சென்டிமீட்டர் மேலே இருக்கும் மூளைக்குப் போவது 45தான். அதனால் டிரான்ஸ்டியூசரைக் காது மட்டத்தில் கட்டச் சொல்வேன். கணினி வைத்திருந்தாலும் இதை மனிதர்தான் செய்ய வேண்டும்.

எவ்வளவு இறக்கலாம் என்பது இன்னும் பெரிய கேள்வி. வேதாரண்யம் பக்கத்து விவசாயி ஒருவர், பதினைந்து வருடமாக பிபிக்காரர். சர்ஜன் 60 கேட்டார். கணினியிடம் சொல்லியிருந்தால் அசையாமல் 60இல் நிறுத்தியிருக்கும். உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளை அது. அந்த அளவு அவருக்குத் தாங்காது. "சார், 75க்குக் கீழே வேண்டாம்" என்றேன். ரத்தம் கூடுதலாகவே கசிந்தது, அரை மணி நேரம் அதிகம் பிடித்தது. சர்ஜன் முகம் சுளிக்காமல் துடைத்துத் துடைத்துச் செய்து முடித்தார். சாயங்காலம் அந்த விவசாயி கண் விழித்து மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.